சிவப்பு நட்சத்திரத்தைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள்

இந்த மாதிரிக் கட்டுரைகளை வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு அதற்கு இன்னும் நிறைய வருடம் இருக்கிறது. ஆனால் பெரம்பலூர் ஆபீஸில் என் நாற்காலியைக் காலி செய்துவிட்டு அடுத்த வாரம் திருச்சிக்கு வேலை மாறிப் போகிறேன். அந்த நாற்காலியில் உங்களில் யாரோ ஒருவர் உட்காரப் போகிறீர்கள். உட்காருவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அப்பா ஆலத்தியூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடு ஏற்றுகிறவர். மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால், "எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல கட்டம் போடுது" என்பார். அதைக் கேட்டுவிட்டு எங்கள் தெருவில் ஒருவர் மகனுக்குப் பொருத்தம் பார்க்கச் சொல்லி ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்பா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் செய்தது கட்டம் போடும் வேலைதான். பெயருக்கு ஒரு கட்டம், பிறந்த தேதிக்கு ஒரு கட்டம், அதில் எதைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று ஓர் அடையாளம்.

அந்த அடையாளத்தைப் பற்றித்தான் இந்தக் கதை.

வெப்சைட் கட்ட நாங்கள் அப்போது பயன்படுத்திய ஃபிரேம்வொர்க் என்ற மென்பொருளில், ஒரு கட்டம் காலியாக வந்தால் ஏற்கக் கூடாது என்பதற்கு ஒரு கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். அனுப்பு என்று அழுத்தினால் அந்த வரி போய்ப் பார்த்து, காலியாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் படிவத்தில் கட்டத்துக்குப் பக்கத்தில் தெரிகிற சிவப்பு நட்சத்திரம் வேறு கோப்பில் இருக்கும். அதை நாம்தான் கையால் போட வேண்டும். விதி ஓர் இடம், நட்சத்திரம் ஓர் இடம். ஒன்று போனால் மற்றொன்றுக்குத் தெரியாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்த விஷயமாக இருந்ததால்தான் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அரியலூரில் இருந்த ஓர் அறக்கட்டளை, பிளஸ் டூ முடித்த பெண்களுக்கு நர்சிங் படிக்க முழுச் செலவையும் ஏற்பதாக அறிவித்தது. அந்த விண்ணப்பத்தை வெப்சைட்டில் வாங்கும் வேலை எங்களுக்கு வந்தது. அறக்கட்டளையின் செயலாளர் முதலில் எல்லாக் கட்டத்தையும் கட்டாயம் ஆக்கச் சொன்னார். தந்தையின் வாக்காளர் அட்டை எண்ணும் அதில் ஒன்று. பிறகு ஒருநாள் ஆபீஸுக்கு நேரில் வந்தவர், "அது வேணாம்மா. செலக்ட் ஆனவங்க வரும்போது ரேஷன் கார்டைப் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். விதியை எடுத்தோம். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுச் சோதித்தோம். விண்ணப்பம் போனது. எல்லோரும் சரி என்றோம். நட்சத்திரம் அப்படியே இருந்தது. எங்கள் கண் அதைப் பார்த்தது, ஆனால் மதிக்கவில்லை. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று எங்களுக்குத்தான் தெரியுமே.

கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி. முந்தைய நாள் வியாழக்கிழமை சாயங்காலம், வந்திருந்த விண்ணப்பங்களை ஊர் வாரியாகப் பிரித்து செயலாளருக்கு அனுப்புவதற்காக உட்கார்ந்தேன். பாடாலூர், ஜெயங்கொண்டம், ஆலத்தியூர் எல்லாம் இருந்தன. வாக்காளர் அட்டைக் கட்டத்தைக் கட்டாயமாக வைக்கவில்லை. ஆனால் ஒருவர் விடாமல் எல்லோரும் நிரப்பியிருந்தார்கள். சிலர் வெறும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அடித்திருந்தார்கள். ஒரு பெண் முழுக்க எக்ஸ் எக்ஸ் என்று போட்டிருந்தாள்.

அப்போதுதான் நட்சத்திரம் என் கண்ணில் பட்டது.

அடுத்ததாக இன்னொன்றும் பட்டது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு விண்ணப்பம்கூட இல்லை. அது சின்ன ஊரும் இல்லை, பெண்கள் படிக்காத ஊரும் இல்லை. என்னோடு கல்லூரியில் அந்த ஊர்ப் பெண்கள் படித்திருக்கிறார்கள்.

எங்கள் சீனியரிடம் காட்டினேன். தொழிலில் பதற்றமே காட்டாத மனிதர். எரிகிற சர்வரைக்கூட டீ குடித்துவிட்டுத்தான் அணைப்பார்.

"அந்த ஊர்ல எல்லாம் வெளிநாட்டுக் காசும்மா. அவங்க எதுக்கு இதுக்கு அப்ளை பண்ணப் போறாங்க?"

"எல்லார் வூட்லயும் அப்படியா சார் இருக்கும்? ஒரு ஆளுக்குக்கூடவா தேவைப்படாது?"

"தேவைன்னா போன் பண்ணியிருப்பாங்க இல்ல? ஒரு கம்ப்ளெயிண்டும் வரலியே."

இந்த இடத்தில் நில்லுங்கள். புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான். படிவம் உடைந்தால் போன் வரும். எரர் வந்தால் பதிவில் இருக்கும். நட்சத்திரத்தைப் பார்த்து, இது நமக்கில்லை என்று திரும்பிப் போனவர்கள் எந்தப் பதிவிலும் இருக்க மாட்டார்கள். அவர்கள் நம்மிடம் புகார் சொல்ல மாட்டார்கள். நாம் சொன்னதை நம்பி, மதித்து, எழுந்து போயிருப்பார்கள்.

"காலையில நான் நேர்ல போயிட்டு வரேன் சார்" என்றேன்.

"லீவு எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். அவர் அப்படித்தான்.

லப்பைக்குடிக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, நெட் சென்டர் எங்கே என்று கேட்டதும் கடைத்தெருவில் ஒரு மாடியைக் காட்டினார்கள். நடத்துகிறவர் மைமூன் அக்கா. கணவர் குவைத்தில் இருக்கிறார். கம்ப்யூட்டர்கள், ஜெராக்ஸ் மெஷின், வாசலில் போன் பூத், எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார்.

"அந்த அப்ளிகேஷனைச் செஞ்சது நீங்கதானா? நல்லா செஞ்சீங்க போங்க. இந்த ஊரையே ஒரு கட்டத்துல தள்ளி வெச்சிட்டீங்க."

"என்னக்கா சொல்றீங்க?"

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போட்டார். எங்கள் படிவத்தின் ஜெராக்ஸ். எங்கள் நட்சத்திரங்கள் கறுப்பாக, இன்னும் அழுத்தமாக விழுந்திருந்தன.

"நெட்ல உக்காந்து யோசிச்சு யோசிச்சு அடிச்சா மணிக்கணக்கா ஆகும், காசு யாரு குடுப்பா? அதான் பிரிண்ட் எடுத்து, ஜெராக்ஸ் போட்டு எல்லாப் புள்ளைங்களுக்கும் குடுத்தேன். வூட்ல எழுதிட்டு வாங்க, நான் அடிச்சு அனுப்பிடறேன்னு. ஒண்ணுகூட திரும்பி வரல."

"வாக்காளர் அட்டையாலயா?"

"இந்த ஊர் ஆம்பளைங்க எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? அந்த அட்டைக்கு போட்டோ புடிக்க வந்தப்ப பாதிப் பேர் ஊர்லயே இல்ல. பாஸ்போர்ட் நம்பர் கேளுங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஓட்டு அட்டைக்கு எங்க போறது?"

பூத்திலிருந்து சீனியருக்குப் போன் செய்து, நட்சத்திரத்தை உடனே எடுக்க வேண்டும் என்றேன்.

"விதிதான் இல்லியேம்மா. காலியா விட்டாப் போகுமே."

"போகும்னு நமக்குத் தெரியும் சார். ஸ்டாரை நம்புறவங்களுக்குத் தெரியாது."

அவர் சொன்னார்: "கடைசி நாளு. அரியலூர்லயும் ஜெயங்கொண்டத்துலயும் இப்ப எத்தனை புள்ளைங்க பாதி அடிச்சிட்டு உக்காந்திருக்கோ. பக்கத்தை ஏத்தறப்ப கரண்ட் போச்சுன்னா அந்த ஊருக்கும் இல்ல, இவங்களுக்கும் இல்ல. அவசரப்படாத. நான் புதுப் பக்கத்தை வேற பேர்ல ஏத்தி, பாத்துட்டு, மத்தியானம் கூட்டம் குறைஞ்சதும் மாத்தறேன். நீ அங்கேருந்து கை வெச்சிடாத."

அதற்குமுன் ஒரு நிமிடம், மைமூன் அக்காவின் கம்ப்யூட்டரிலிருந்தே நான் மாற்றிவிடலாமா என்று நினைத்தது உண்மை. சீனியர் சொன்னதுதான் சரி. அதோடு இன்னொன்றும் புரிந்தது. சைட்டில் நட்சத்திரத்தை எடுத்தால் சைட்டைப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். இந்த ஊரில் படிவம் சைட்டில் இல்லை. வீட்டு வீடாக, அலமாரிக்கு மேலே, பாடப் புத்தகத்துக்குள்ளே ஜெராக்ஸ் தாளாகக் கிடக்கிறது. நான் பெரம்பலூரிலிருந்து என்ன மாற்றினாலும் அந்தத் தாள் மாறாது.

"அக்கா, அந்தப் புள்ளைங்க வூடு எல்லாம் காட்டுறீங்களா? நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

மைமூன் அக்கா சிரித்தார். "நீங்க எங்கேயும் போக வேணாம். இன்னிக்கு என்ன கிழமை? குவைத்து, சவுதில இருக்குற நம்ம ஆம்பளைங்க எல்லாருக்கும் லீவு. தொழுகை முடிஞ்சு ரூமுக்கு வந்து நெட்ல உக்காருவாங்க. மூணு மணிக்கு மேல பாருங்க, இந்த ஊர் பொம்பளைங்க எல்லாம் என் மாடிலதான். சாப்பிட்டு வந்து உக்காருங்க."

அவர் சொன்னபடியே நடந்தது. மூன்று மணிக்கு மேல் மாடிப்படியில் செருப்பு வைக்க இடமில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகக் குவைத்தோடும் சவுதியோடும் பேசினார்கள். காதில் மாட்டியிருப்பதால் தாங்கள் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. "சட்டை அளவாத்தான் இருக்கு, நீங்கதான் ஊதிட்டீங்க" என்று ஒரு அம்மா கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். காத்திருந்தவர்களிடம் நானும் மைமூன் அக்காவும் ஒவ்வொருவராகச் சொன்னோம். அந்தக் கட்டத்தை விட்டுவிடலாம். தப்பு எங்களுடையது. உங்கள் வீட்டுப் பெண்ணை மார்க் ஷீட்டோடு வரச் சொல்லுங்கள். இரண்டு பேர் உடனே படியிறங்கி ஓடினார்கள். சீனியரும் பூத்துக்குப் போன் செய்துவிட்டார்: பக்கம் மாறிவிட்டது, நட்சத்திரம் போய்விட்டது, எதுவும் உடையவில்லை.

ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பெயர் ஹசீனா.

"அவதான் முதல் ஆளா வந்து தாள் வாங்கிட்டுப் போனது. நர்சிங் நர்சிங்னு உசுரை விட்டுச்சு" என்றார் மைமூன் அக்கா.

"அதெல்லாம் முடிஞ்சு போச்சு. தையல் கிளாஸ்ல சேத்து விட்டாச்சு" என்றார் அம்மா. மூத்த மகளின் கல்யாணச் செலவுக்கே ஹசீனாவின் அத்தா, அதாவது அப்பா, இன்னும் வெளிநாட்டில் உழைத்துக்கொண்டிருக்கிறார், இவளைக் காசு கட்டிப் படிக்க வைக்க வழியில்லை என்பதையும் அவரே சொன்னார்.

நான் ஹசீனாவிடம், "இப்ப அனுப்பலாம்மா, நேரம் இருக்கு" என்றேன்.

"வேணாம்க்கா."

"ஏன்?"

"தாள்ல கட்டாயம்னு போட்டிருந்துச்சு. எங்க அத்தாவுக்கு அட்டை இல்ல. அத்தாவோட அண்ணன், பெரியத்தா நம்பரைப் போட்டுக்க, யாரு பாக்கப் போறான்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க. பொய் எழுதி வாங்குற படிப்பு வேணாம்னுட்டேன். இப்ப நீங்க வந்து விட்டுடலாம்னு சொல்றீங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து, கட்டாயம்னு போட்டதை ஏன் காலியா விட்டேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

முந்தைய நாள் பார்த்த ஒன்று, இரண்டு, மூன்றும், எக்ஸ் எக்ஸும் ஞாபகம் வந்தன. அவர்கள் எல்லோரும் வரிசைக்குள் நிற்கிறார்கள். பொய் எழுத மாட்டேன் என்றவள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள். தேவையில்லாத ஒரு நட்சத்திரம் செய்கிற வேலை இதுதான். துணிந்தவர்களை அது ஒன்றும் செய்யாது. நேர்மையானவர்களை மட்டும் வாசலில் நிறுத்தும்.

நான் எந்தப் பதவியில் இருந்து அவளுக்கு வாக்குக் கொடுக்க முடியும்? நட்சத்திரம் போடுகிறவள் நான். எது கட்டாயம் என்று சொல்ல உரிமை உள்ளவர் அரியலூரில் இருக்கிறார். பூத்துக்குப் போய் செயலாளருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இன்னொரு முறை செய்தேன். யாரோ எடுத்து, சார் வெளியே போயிருக்கிறார், ஐந்து மணிக்கு வருவார் என்றார்கள். திரும்பி வந்து ஹசீனாவிடம் அதை அப்படியே சொன்னேன். சும்மா தலையாட்டினாள். அனுப்பிவிடு, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அவளை வற்புறுத்த வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வற்புறுத்தினால் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒன்றுதான்.

"மத்த கட்டமெல்லாம் அடிச்சு வெச்சிடலாமா? அவர் வேணாம்னு சொன்னா அனுப்ப வேணாம்" என்றேன்.

அதற்குச் சரி என்றாள். பெயர், தேதி, மதிப்பெண் என்று ஒவ்வொன்றாக அவளே அடித்தாள். மெதுவாக, ஒரு விரலால், ஒரு தப்பும் இல்லாமல். அந்தக் கட்டம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

ஐந்து மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் செயலாளர் கிடைத்தார். நடந்ததைச் சொன்னேன். "நான்தான் அன்னிக்கே எடுக்கச் சொன்னேனேம்மா" என்றார் கோபமாக. ஆமாம் சார், விதியை எடுத்தோம், நட்சத்திரத்தை விட்டுவிட்டோம் என்றேன். "சரி சரி, இப்ப என்ன பண்ணணும்?" "ஒரு பொண்ணுகிட்ட நீங்களே சொல்லணும் சார்." ஹசீனாவைப் பூத்துக்குக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தேன்.

அவள் சலாம் சொல்லிவிட்டு, என்னிடம் கேட்ட அதே கேள்வியை ஒரு வார்த்தை குறையாமல் அவரிடமும் கேட்டாள். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு அவளே சொன்னாள்: "அந்தக் கட்டம் வேணாம்னு சொன்னது அவர்தானாம். யாராச்சும் கேட்டா அவர் பேரைச் சொல்லச் சொன்னாங்க."

உள்ளே அவள் அம்மாவின் முறை வந்திருந்தது. அவரிடமிருந்து ஹெட்போனை ஹசீனா பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். "அத்தா, அந்த நர்சிங் அப்ளிகேஷன். ஆமா. இல்லத்தா, பெரியத்தா நம்பர் போடல. காலியா விட்டிருக்கேன். பெரியவங்களே விடலாம்னு சொல்லிட்டாங்க." பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரித்தா" என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றினாள்.

"என்ன சொன்னார்?" என்று அம்மா கேட்டார்.

"தையல் மெஷின் வாங்க வேணாமான்னு கேட்டாங்க. இப்போதைக்கு வேணாம்னுட்டேன்."

அவளுக்கு இடம் கிடைத்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிடைக்காமல் போயிருந்தாலும் இந்தக் கதையை உங்களிடம் சொல்லியிருப்பேன். தேர்வு செய்வது அவர்கள் வேலை. வாசலில் தவறுதலாக யாரையும் நிறுத்தாமல் இருப்பது நம் வேலை. இனிமேல் நீங்கள் ஒரு கட்டத்துக்கு நட்சத்திரம் போட்டால், அதைக் கேட்டது யார் என்று அவர் பெயரைத் தெரிந்துகொண்டு போடுங்கள். விதியை எடுத்தால் அதே கையோடு நட்சத்திரத்தையும் எடுங்கள். காலியாக விட்டுச் சோதித்துவிட்டு எழுந்து போகாதீர்கள். அந்தத் திரையை அச்சடித்து, நாம் எழுதிய ஒவ்வொரு குறியையும் நம்புகிற ஒருத்தியிடம் கொடுத்து, அவள் எங்கே கையை எடுக்கிறாள் என்று பாருங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன். ஹசீனா அனுப்பு என்பதை அழுத்தினாள். திரைக்குக் கீழே பச்சைக் கோடு ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. மைமூன் அக்கா ஃபேனைப் பார்த்தார், கரண்ட் இருக்கிறதா என்று. பிறகு பக்கம் மாறி, விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று வந்தது. ஹசீனாவின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மைமூன் அக்கா எனக்கு ஒரு ரோஸ் மில்க் வரவழைத்துக் கொடுத்தார். அதைக் கையில் வாங்கிய பிறகுதான் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது தெரிந்தது. படியில் உட்கார்ந்து குடித்தேன். ஆறு மணிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. இன்னொரு பெண் மூச்சு வாங்க என்னைத் தாண்டி மேலே ஓடினாள். கையில் நாலாக மடித்த ஜெராக்ஸ். உள்ளே அவள் தயங்கித் தயங்கிக் கேட்டது எனக்குக் கேட்டது: "எங்க அத்தா நம்பர் இல்லியே, பரவாயில்லையா?"

நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அது வேணாம்," என்றாள் ஹசீனா. "நான் விசாரிச்சுட்டேன். நீ உக்காரு."